ஜாக்கெட்டுக்கும் ஒரு உறை

கெட்டி அட்டைப் புத்தகத்தின் மேல் கழற்றி மாட்டும்படி இருக்கும் ஜாக்கெட் என்னும் காகித உறையின் முதல் வேலை, அட்டைக்குப் பதிலாகத் தான் அழுக்காவது. 1820களில் துணி பைண்டிங் பரவியபோது, கறை படாமலிருக்கச் சுற்றிக் கொடுத்த வெறும் தாள்தான் அது. ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கும் 1829ஆம் ஆண்டு உறை, பார்சல்போல முழுக்க மூடி அரக்கு வைத்தது, பிரித்தாலே கிழியும். படமும் ஆசிரியர் குறிப்பும் ஏறிய பிறகுதான் உறைக்கே மதிப்பு வந்தது. அட்டை ஓவியர் பெயர் பல புத்தகங்களில் உள்மடிப்பில் மட்டுமே இருக்கும். அதைத் தூக்கிப் போடும் நூலகங்களை என்ன சொல்ல!

ஆகவே ஜாக்கெட்டைக் காக்க இன்னோர் உறை வேண்டும். ஸ்டேஷனரி கடை பிவிசி ரோல் வேண்டவே வேண்டாம். அதைக் குழைவாக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் கசிந்து அச்சு மையோடு ஒட்டும். உரித்தால் படமும் கூடவே வரும். 50 மைக்ரான் பாலியஸ்டர் ஷீட் வாங்குங்கள்.

டெமி அளவு ஜாக்கெட் சுமார் 22 செ.மீ. உயரம் என்றால் ஷீட் 27 செ.மீ. உயரம் வேண்டும், நீளம் ஜாக்கெட்டைவிட 1 செ.மீ. கூடுதல். ஜாக்கெட்டைக் குப்புற நடுவில் வைத்து, கீழ் விளிம்பை 2.5 செ.மீ. உள்ளே மடித்து ஸ்கேலால் அழுத்துங்கள். மேல் மடிப்பில் மட்டும் 1 மி.மீ. தளர்வு விடுங்கள். மழைக்காலத்தில் தாள் உப்பும், ஷீட் உப்பாது. இறுக்கினால் தாள் அலையலையாகிவிடும். ஒட்டவே வேண்டாம். இரண்டு ஓரங்களையும் அட்டைக்குள் செருகியதும் தானாக நிற்கும்.

லேமினேஷன் செய்த ஜாக்கெட் வெளிப்பக்கமாகச் சுருள்வதற்கும் காரணம் இந்த ஈரம்தான்: பூச்சில்லாத உள்பக்கம் மட்டும் விரிகிறது. பூச்சு பளபளப்பில்லாத ‘மேட்’ ரகமாக இருந்தாலும் பளபளப்பாக இருந்தாலும் இது நடக்கும்.

முதுகின் மேல்முனைதான் முதலில் கிழியும். அலமாரியிலிருந்து அங்கே விரல் வைத்து இழுப்பதால். பக்கத்துப் புத்தகங்களை உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுங்கள். கிழிந்துவிட்டால் செல்லோடேப் கூடாது; பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் உள்பக்கம் ஒட்டுங்கள். பைண்டர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் கலக்கும் மைதாப் பசை வேண்டாம், மயில்துத்தத்திலுள்ள செம்பு தாளை அரிக்கும்.

பாலியஸ்டர் வெயிலைத் தடுக்காது. ஜன்னலோரம் வைத்தால் மஞ்சளும் மஜென்டாவும் முதலில் போய், முதுகு மட்டும் நீலம்பாரித்து நிற்கும்.