நான்கு பூனைகள், மூன்று தட்டுகள்

31 அக்டோபர் 2024, வியாழன்

தீபாவளி. விடியற்காலை நான்கு மணிக்குத் தெருமுனையில் முதல் சரம் வெடித்தது முதல் எங்கள் வீட்டில் பூனைகள் இருப்பதற்கான அறிகுறியே இல்லை. பதினான்கு வயது அம்மிணி அம்மாவின் பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். மிளகும் பஞ்சுவும் கட்டிலுக்கடியில். கடுவனான பட்டாணி குளியலறை வாளிக்கும் சுவருக்கும் இடையில். நான்கு கிண்ணங்களில் வைத்த உணவு இரவு வரை அப்படியே இருந்தது. தண்ணீரும் குறைந்ததாகத் தெரியவில்லை.

2 நவம்பர், சனி

பட்டாணி காலையிலிருந்து மணல் தட்டில் ஏறுவதும் குந்துவதும் இறங்குவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்றுதான் நான் நினைத்தேன். தொலைபேசியில் கேட்ட ஒரு மருத்துவமனையிலும் பார்க்காமலேயே அதையே சொல்லி, ஒரு சிரப்பின் பெயரையும் கொடுத்தார்கள். அம்மா விளக்கெண்ணெயை எடுத்துவிட்டார். நல்ல வேளையாக நான் இரண்டையும் கொடுக்கவில்லை. மூன்று தட்டுகளிலும் ஈரக்கட்டிகள் இருந்தன; ஆனால் நான்கு பூனைகள் புழங்கும் தட்டில் எந்தக் கட்டி யாருடையது என்று எப்படிச் சொல்வது? அதனால் அவனைப் புது மணல் நிரப்பிய ஒரு தட்டோடு குளியலறையில் இரண்டு மணி நேரம் அடைத்து வைத்தேன். கதவைத் திறந்தபோது தட்டு முழுவதும் கிளறிக் கிடந்தது. ஒரு துளி ஈரமில்லை. அவன் தரையில் குந்தி, அடிவயிற்றை நக்கிக்கொண்டு, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் முனகினான். அடுத்த பத்து நிமிடத்தில் கூடையோடு ஆட்டோவில் இருந்தோம்.

மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என் விரல்களைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் ஒரு சாத்துக்குடி இருப்பது போல, கல்லாக, உருண்டையாக நின்றது மூத்திரப்பை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் நீளமாகவும் நுனியில் மிகக் குறுகலாகவும் இருப்பதால் பொடிபோன்ற படிகமும் சளியும் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும் என்றும், அச்சமும் தண்ணீர் குடிக்காமையும் அதைத் தூண்டக்கூடும் என்றும் சொன்னார். அடைப்பு நீடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே நிலைகுலையும். ஓரிரு நாட்களில் உயிர் போய்விடலாம். ‘நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் வந்தீர்களே’ என்று அவர் சொன்னபோது, காலை முழுவதும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வெளியேற மெல்லிய குழாயான கதீட்டரைச் செலுத்தி, டிரிப்ஸ் ஏற்றி, அங்கேயே தங்கவைத்துக்கொண்டார்கள்.

5 நவம்பர், செவ்வாய்

பட்டாணி வீடு திரும்பினான். மொத்தச் செலவு 9,400 ரூபாய். அவனுடைய சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார்கள்: ஸ்ட்ரூவைட் என்னும் தாது உப்பின் படிகங்கள், சவப்பெட்டி மூடியைப் போலவே சீவிய விளிம்புகளோடு ஒளிர்ந்தன. மனிதனைப் பயமுறுத்த இயற்கைக்கு வேறு வடிவம் கிடைக்கவில்லை போலும். இனி அவனுக்கு உலர் உணவு கிடையாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த ஈர உணவு, அதிலும் தண்ணீர் கலந்து.

நான் எதிர்பாராத தொல்லை வேறொன்று. மருத்துவமனை வாடையோடு வந்தவனைப் பஞ்சு அடையாளம் காணாமல் உறுமித் துரத்தினாள். மூன்று ஆண்டுகள் ஒரே தலையணையில் தூங்கியவர்கள்! அம்மிணி படுக்கும் பழைய துண்டால் அவனைத் துடைத்துவிட்டு, இரவு முழுவதும் தனியறையில் வைத்திருக்கிறேன்.

11 நவம்பர், திங்கள்

பட்டாணிக்காகச் சமையலறைத் தராசை வெளியே எடுத்ததால் எல்லோரையும் நிறுத்துப் பார்த்தேன். கோடையில் 3.9 கிலோ இருந்த அம்மிணி 3.2 கிலோதான். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவதை மழைக்கால ஈரப்பதத்திலும் கவனித்திருக்கிறேன். நான்கு பேர் குடிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றேன். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. காத்திருக்கும் இடத்தில் ஒரு பக்கம் லாப்ரடார், மறுபக்கம் காலில் கட்டுடன் ஓர் ஆடு. கூடையின் மேல் துண்டைப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 3.4. சிறுநீரகம் பெரும்பகுதி செயலிழந்த பிறகுதான் இந்த எண் ஏறத் தொடங்கும் என்பதால், நோய் எப்போது தொடங்கியது என்று கேட்பதில் பயனில்லை. இரத்த அழுத்தம் 190. கவனிக்காமல் விட்டால் விழித்திரை கழன்று ஒரே இரவில் பார்வை போய்விடக்கூடும்.

மருந்துச் சீட்டைப் பார்த்து அம்மா சிரித்தார். ஆம்லோடிபின், அவருடைய அதே இரத்த அழுத்த மாத்திரை! அவர் தினமும் விழுங்குவது 5 மில்லிகிராம், அம்மிணிக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டு. அவருடைய மற்ற மாத்திரைகளும் பூனைக்கு ஆகும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒன்றே ஒன்று பூனையைக் கொன்றுவிடும், அதை முறித்து வெளியேற்றும் திறன் அதன் ஈரலுக்கு இல்லை என்று விளக்கினேன். அன்றே அம்மா தன் மாத்திரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டார்.

18 நவம்பர், திங்கள்

யாருக்கோ வயிற்றுப்போக்கு. மருத்துவர் சொன்ன உபாயம் எளிது: நச்சில்லாத மெழுகு வண்ணக்கட்டியைச் சீவி, ஆளுக்கொரு நிறமாக உணவில் கலக்க வேண்டும். மறுநாள் தட்டில் பச்சைப் புள்ளிகள். பச்சை நிறம் கலந்தது மிளகின் உணவில். குடற்புழு மருந்தோடு முடிந்தது.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வாரம் இரண்டு முறை அம்மிணிக்குத் தோலுக்கடியில் ஏற்ற வேண்டிய 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புநீர்க் கரைசலை இதுவரை மருத்துவமனையிலேயே ஏற்றிவந்தோம். போன வாரம் செவிலியர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். இன்று தனியாகச் செய்ய வேண்டியதாயிற்று.

பையை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் போட்டு வைத்தேன். கதவுக் கொக்கியில் மாட்டி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன். அம்மா அவளை மடியில் வைத்து நெற்றியை வருடிக்கொண்டிருந்தார். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் போல் தூக்கிக் குத்தியபோது ஊசி மறுபக்கமாக வெளியே வந்து என் புடவை நனைந்தது. இரண்டாவது முறை, தோலைத் துளைக்கும்போது ஏற்படும் அந்த மெல்லிய தடையும் பிறகு சட்டென்று வழிவிடுவதும் விரலுக்குத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் அவளுக்கு ஒட்டகத் திமில் முளைத்தது. மாலைக்குள் அது முன்னங்காலுக்குச் சரிந்து, இரவில் கரைந்துவிட்டது. மின்சாரம் இன்னும் வரவில்லை.

8 டிசம்பர், ஞாயிறு

அம்மிணி 3.25 கிலோ. ஐம்பது கிராம் தராசின் பிழையாகவும் இருக்கலாம் என்று தெரிந்தே நாட்காட்டியில் எழுதினேன். ஒவ்வொரு காலையும் தட்டுகளை அள்ளும்போது கட்டிகளின் எண்ணிக்கையையும் அளவையும் அதில் குறித்து வருகிறேன்: எலுமிச்சை, நெல்லி, சுண்டைக்காய். பூனைகளைவிட ஒரு தட்டு கூடுதலாக வேண்டும் என்கிறார்கள். இந்த வீட்டில் ஐந்தாவது தட்டை வைத்தால் நாங்கள் மொட்டைமாடியில்தான் படுக்க வேண்டும். நான்காவதை மட்டும் வாங்கிப் பட்டாணியின் அறையில் வைத்திருக்கிறேன்.

இன்று மொத்தம் ஏழு எலுமிச்சை, இரண்டு சுண்டைக்காய். சுண்டைக்காய் இரண்டும் கூடத்துத் தட்டில் கிடந்தன. பட்டாணி நேற்று இரவு கூடத்தில்தான் படுத்திருந்தான் என்கிறார் அம்மா. இல்லை, அது பஞ்சு என்கிறேன் நான். நாற்காலியை அந்தத் தட்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை.