கார் கடனும் காவடிக் கணக்கும்

நேற்று ராத்திரி காவடிக் கமிட்டியின் ஜூம் கூட்டம். மொரீஷியஸில், காத்ர் போர்ன் ஊரில் உள்ள என் வீட்டிலிருந்து நான்தான் திரையைப் பகிர்ந்தேன். காவடிக்குப் பின் வாழையிலையில் போடும் ‘ஏழு கறி’ விருந்தின் செலவுக் கணக்கு வந்த மெயிலைத் தேட, அவுட்லுக் தேடல் பெட்டியில் ‘கா’ என்றுதான் தட்டினேன். கீழே வரிசையாகக் கோப்புகள்: ‘காவடி ஏழு கறி ஃபைனல்’, ‘காவடி ஏழு கறி ஃபைனல் 2’, நடுவில் ‘கார் கடன் மறுப்புக் கடிதம்’. வாழையிலைப் பொறுப்பில் உள்ள பெரியவர், “ஏன் தம்பி, பேங்க்ல தரலையா?” என்றார். பதினோரு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் உட்கார்ந்து நோண்டினேன். ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையக் கோப்புக் கிடங்கு) கிடப்பது, மெயிலோடு வந்த இணைப்பு என்று நமக்கு அனுமதி உள்ள கோப்புகளைத்தான் அவுட்லுக் தேடல் எடுத்து நீட்டுகிறது. அனுமதி இல்லாதவர் கணக்கில் அந்தக் கோப்பு தலைகாட்டாது. திரையைக் காட்டினால்தான் மானம் போகும், என்னைப் போல.

வெப் அவுட்லுக்கில் செட்டிங்ஸ், ஜெனரல், பிரைவசி அண்ட் டேட்டா போய்த் தேடல் வரலாற்றை அழிக்கலாம். ஆனால் அழிவது நாம் முன்பு தேடிய சொற்கள்தான், கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். சரி என்று ஒன்டிரைவில் அந்தக் கடன் கடிதத்தின் பெயரையே ‘ழ1’ என்று மாற்றிவிட்டேன். ழ-வில் தொடங்கி யார் தேடப்போகிறார்கள்?

அடுத்த கூட்டத்துக்குத் திரை பகிர வேறு ஆள் பார்த்தாயிற்று.