திரையைத் தொடாமல் வாசிக்கிறேன்

கோயில் திருவிழாக் கச்சேரி. மணி ஒன்பதரை இருக்கும். ஒரு டூயட்டின் இரண்டாவது இடையிசை முடிகிற இடத்தில் ஸ்ட்ரிங்ஸில் (வயலின் கூட்டம் மாதிரியான ஒலி) ஒரு கோர்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்களை, பிடித்துக்கொண்டிருந்தேன், கரண்ட் போய்விட்டது. மைக், மானிட்டர், சீரியல் லைட், என் கீபோர்டு எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. ட்ரம்ஸ்காரர் மட்டும் இருட்டில் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். ஜெனரேட்டர் ஆள் ஓடிப்போய் அதைக் கிளப்பி, சவுண்ட்காரர் ஆம்ப்ளிஃபையர்களை ஒவ்வொன்றாக ஆன் செய்ய இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஸ்பீக்கர் உயிர் வந்ததும் முதலில் கேட்டது அதே கோர்டு. நான் கைகளை மடியில் வைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். நான் அழுத்துவது கீபோர்டில், ஒலி எழுவது அதோடு வயரில் இணைத்த டேப்லெட்டில் இருக்கும் ஆப்பிலிருந்து. கீபோர்டு கரண்டில் ஓடுகிறது, டேப்லெட் தன் பேட்டரியில் ஓடுகிறது. கீபோர்டிலிருந்து மிடி வழியாக, அதாவது இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழியில், போவது ஒலி அல்ல, செய்தி. "இந்தக் கட்டையை அழுத்தினான், இவ்வளவு வேகத்தில்" என்று ஒரு செய்தி, "விட்டான்" என்று இன்னொரு செய்தி. நான் கோர்டை அழுத்திய செய்தி போய்விட்டது, விட்ட செய்தி போவதற்குள் கீபோர்டு அணைந்துவிட்டது. இணைப்பு அறுந்தால் தானாகவே ஒலியை நிறுத்தும் ஆப்கள் உண்டு, அன்று நான் வைத்திருந்த அமைப்பில் அது நடக்கவில்லை. ஆக அந்த இருட்டில், யாருக்கும் கேட்காமல், டேப்லெட் என் கோர்டை வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அவசரமாக எல்லா நோட்டையும் நிறுத்தும் பேனிக் பட்டனைத் தட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் புல்லாங்குழல் பிட்டை ஆரம்பித்தால், சவுண்ட்காரத் தம்பி மிக்சரிலிருந்து கை காட்டுகிறான்: "அண்ணே, ரெண்டு சத்தம் வருதுண்ணே!" புல்லாங்குழலோடு சேர்ந்து ஒரு பியானோவும் ஓடிக்கொண்டிருந்தது. என் கீபோர்டில் லோக்கல் கன்ட்ரோல் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை ஆஃப் செய்தால் கட்டைகள் வெளியே செய்தி மட்டும் அனுப்பும், உள்ளே இருக்கும் ஒலி எழும்பாது. ஆனால் பவரை அணைத்துப் போட்டால் அது மறுபடி ஆனுக்குப் போய்விடும். பல கீபோர்டுகளில் இப்படித்தான். இது எனக்கு முன்பே தெரியும், ஆனால் நடுக் கச்சேரியில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைத்ததே இல்லை. இப்போது பவர் வந்ததும் கை தானாக வரிசையாகச் செய்கிறது: பேனிக், லோக்கல் ஆஃப், ஒரு சா தட்டிப் பார்ப்பது. அப்புறம்தான் பாடகரை நிமிர்ந்து பார்ப்பேன்.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். கல்யாண வரவேற்பு, திருவிழா, சில சமயம் சர்ச் நிகழ்ச்சி. ஒலி எழுப்பும் பெட்டியைத் தனியாக வைத்துக்கொண்டு கீபோர்டால் அதை இயக்குவது புதிய விஷயம் அல்ல. மிடி வந்தது 1983இல். 1994இல் வந்த ரோலண்ட் ஜேவி-1080 மாதிரியான சவுண்ட் மாட்யூல்களில் கட்டையே கிடையாது, ஒரு தகரப் பெட்டி, சின்னத் திரை, ஒரே நேரத்தில் 64 குரல். ஐபேடில் மிடி வசதி 2010 கடைசியில் வந்தது, ஆண்ட்ராய்டில் 2015இல். அந்தப் பழைய பெட்டியின் வேலையைத்தான் டேப்லெட்டிடம் கேட்கிறேன். உயர்ரக ஒலிகள் எல்லாம் உள்ளேயே இருக்கும் நல்ல வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு லட்சத்தைத் தாண்டும் விலையில் இருக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் சாதாரண கீபோர்டோடு ஒரு டேப்லெட்டை இணைத்து அருமையான கிராண்ட் பியானோவும் உயிருள்ள ஸ்ட்ரிங்ஸும் வாசிக்க முடிந்தது எனக்கு உண்மையிலேயே பெரிய வாசல் திறந்த மாதிரி இருந்தது. முதல் நாள் வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டு விடியும்வரை வாசித்தேன்.

மேடையில் அது வேறு கதை. என்னிடம் இருப்பது 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேடு, ஹெட்போன் துளை உள்ள கடைசி ஐபேடு அதுதான். கீபோர்டின் யூஎஸ்பி வயர் ஒரு அடாப்டர் வழியாக உள்ளே போகிறது, ஒலி ஹெட்போன் துளை வழியாக வெளியே வந்து டிஐ பாக்ஸ் மூலம் மிக்சருக்குப் போகிறது. கருவியின் ஒலியை இரைச்சல் சேராமல் நீள வயரில் மிக்சருக்கு அனுப்ப உதவும் சின்னப் பெட்டி அது. டிஐ பாக்ஸை வீண் செலவு என்று ஒரு காலத்தில் நினைத்தேன். ஜெனரேட்டர் ஓடும் மேடையில் சார்ஜரைச் சொருகியவுடன் ஸ்பீக்கரில் கிளம்பும் "ம்ம்ம்" என்ற இரைச்சலை ஒருமுறை கேட்டால் போதும். அந்தப் பெட்டியில் கிரவுண்டை விடுவிக்கும் சின்ன ஸ்விட்சைத் தள்ளியதும் அது அடங்கிப்போனது. அதற்கும் மேல், முழு சார்ஜோடு போய் சார்ஜரே சொருகாமல் முடிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

கட்டையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவில் வரும் தாமதம் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். டேப்லெட் ஒலியைச் சாம்பிள் என்ற சின்னத் துண்டுகளாகச் செய்து, பஃபர் என்ற இடத்தில் கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் வெளியே அனுப்பும். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 256 சாம்பிள் பஃபர் வைத்தால் சுமார் 5.8 மில்லிசெகண்ட். மானிட்டர் ஸ்பீக்கர் 2 மீட்டர் தள்ளி இருந்தாலே காற்றில் ஒலி வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். ஆக வயரில் வாசித்தால் கவலை இல்லை. ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பி வாசிக்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள், கைக்கும் காதுக்கும் நடுவில் ஒரு தாளமே நுழைந்துவிடும்.

வெயில்தான் நிஜமான எதிரி. 35 டிகிரிக்குள் பயன்படுத்துங்கள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார், நம் சித்திரை மாதத்துக்கு அது எம்மாத்திரம். சாயங்காலம் சவுண்ட் செக்கில் வெயில் படும் இடத்தில் வைக்க மாட்டேன், கவரைக் கழற்றி முதுகில் காற்று படுகிற மாதிரி ஸ்டாண்டில் நிறுத்துவேன், மேடை விளக்கு நேராக அடித்தால் விளக்குக்காரரிடம் கெஞ்சியாவது திருப்பச் சொல்வேன்.

இத்தனையும் செய்து பார்த்து நான் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: கச்சேரி நடக்கும்போது திரையைத் தொடக் கூடாது. வேர்த்த விரலுக்குத் திரை ஒழுங்காகக் கட்டுப்படாது. கட்டையை விரல் பார்க்காமலே கண்டுபிடிக்கும், திரையில் இருக்கும் பட்டனைக் கண் பார்த்தால்தான் முடியும், கண் அங்கே போனால் பாடகரை விட்டுவிடுவேன். அதனால் வேலை முழுவதும் வீட்டிலேயே நடக்கிறது. பாட்டு வரிசைப்படி ஒலிகளை அடுக்கி, கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் டேப்லெட்டில் ஒலி மாறும்படி இணைத்துவிடுகிறேன். ஐபேடை ஒரே ஆப்பில் பூட்டி வைக்கும் வசதியைப் போட்டு, ஏரோப்ளேன் மோடில் வைத்துவிடுகிறேன். கச்சேரி உள்ள வாரத்தில் எந்த அப்டேட்டும் கிடையாது. அந்தப் பேனிக்கைக்கூட இப்போது கீபோர்டிலேயே ஒரு பட்டனுக்கு மாற்றிவிட்டேன்.

டிரான்ஸ்போஸ், அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் விஷயத்திலும் இதே பாடம். பாடகி மேடையில் திரும்பி, "அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கலாமா, தொண்டை சரியில்லை" என்று கேட்பார். ஆப்பிலும் இறக்கலாம், கீபோர்டிலும் இறக்கலாம். பதற்றத்தில் இரண்டிலும் இறக்கினால் முழுக் கட்டை இறங்கி, கிடார்காரர் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. இனி கீபோர்டில் மட்டும்தான் என்று முடிவு செய்து, ஆப்பில் அந்த அமைப்பு கண்ணில் படாத பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன்.

நாதஸ்வரம் எனக்குப் பிரியமான இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு, கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தை நம்புகிறோம். சக்கரம் அனுப்புவது எவ்வளவு தள்ளினோம் என்பதை மட்டும்தான், 16,384 படிகளில். அது அரை ஸ்வரமா ஒரு ஸ்தாயியா என்பதை முடிவு செய்வது ஒலி எழுப்பும் பக்கம். கீபோர்டில் பழகிய கை, டேப்லெட்டில் வேறு அளவு வைத்த ஒலியில் அதே மாதிரி தள்ளினால் காந்தாரம் அலறும். எல்லா ஒலிக்கும் ஒரே அளவு வைத்துக்கொண்டு, தினமும் காலையில் சக்கரத்தை மட்டும் வைத்து தோடியில் காந்தாரத்தை ஆட்டிப் பழகினேன். நிஜக் கருவியிலிருந்து பதிவு செய்த ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, இந்த அசைவு கையிலிருந்துதான் வர வேண்டும்.

இதனால்தான் ஒரு கேள்வி என்னைக் காயப்படுத்துகிறது. ஒரு கல்யாணத்தில் வயதான ஒருவர் மேடைக்கு அருகில் வந்து டேப்லெட்டைக் காட்டி, "தம்பி, பாட்டெல்லாம் இதுலயே ஓடுதா?" என்று கேட்டார். குரல் மட்டும் இல்லாமல் முன்பே பதிவு செய்த மைனஸ் ட்ராக் போட்டுப் பாடுகிற நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன, அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. "இல்லைங்கய்யா, கையாலதான்" என்று சொல்லி ஒரு கட்டையை அழுத்திக் காட்டினேன். அவரையும் ஒன்றை அழுத்தச் சொன்னேன். ஷெனாய் வந்தது. விரலை எடுக்காமல் அது நீள்வதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

எங்கள் குழுவில் முன்பு புல்லாங்குழலுக்கு ஒருவர் இருந்தார், என் இடது பக்கம்தான் உட்காருவார். கச்சேரி எடுப்பவர்கள் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னபோது அவர் வருவது குறைந்தது, அவருடைய பிட்களை நான் வாசிக்க ஆரம்பித்தேன். என் டேப்லெட்டில் நான்கு புல்லாங்குழல் இருக்கிறது, ஒன்றில் மூச்சுச் சத்தம்கூட உண்டு. அவர் ஊதும்போது பாட்டு ஏறுகிற இடத்தில் நூலளவு முந்துவார், பாடகரும் கூடவே ஏறுவார். அது என் பெட்டியில் இல்லை. பட்ஜெட் கொஞ்சம் இடம் கொடுக்கும் கச்சேரிக்கு நானே குழுவை நடத்தும் மாஸ்டரிடம் பேசி அவரைக் கூப்பிடச் சொல்கிறேன். அவர் வருகிறார் என்று உறுதியானதும், முந்தின நாள் ராத்திரி பாட்டு வரிசையைத் திறந்து, அந்த நான்கு புல்லாங்குழலையும் எடுத்துவிடுகிறேன்.