வாசல் இல்லாத குடல்

லேபில் குடல் வளர்க்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "எவ்வளவு நீளம் வளர்ந்திருக்கு?" என்பார்கள். நீளமெல்லாம் கிடையாது. என் தட்டில் இருப்பவை கடுகைவிடச் சிறிய உருண்டைகள். ஆர்கனாய்டு என்று பெயர்.

குடலின் உள்சுவர் நெடுக நுண்ணிய குழிகள் உண்டு. அவற்றின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால்தான் அந்த உட்பரப்பு நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. நெதர்லாந்தின் ஹூப்ரெக்ட் ஆய்வு நிறுவனத்தில் தோஷிரோ சாட்டோ, ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் 2009-இல் எலிக்குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்தே இப்படி ஓர் உருண்டையை வளர்த்துக் காட்டினார்கள். வேண்டிய சில புரதங்களையும், பற்றிக்கொள்ள ஒரு ஜெல்லையும் கொடுத்தால் போதும், மற்றதை அந்தச் செல்லே பார்த்துக்கொள்கிறது.

அந்த ஜெல்தான் ஆளைப் படுத்தும். மேட்ரிஜெல் என்பது எலியின் ஒரு வகைப் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது. ஐஸில் இருக்கும்வரை ஓடும், கொஞ்சம் சூடு பட்டால் இறுகிவிடும். முதல் வாரம் எனக்குப் பிப்பெட் முனைக்குள்ளேயே இறுகிப்போனது. இப்போது முனைகளையும் ஃப்ரீசரில் வைத்துத்தான் எடுக்கிறேன். செல் கலந்த ஜெல்லைத் தட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் 50 மைக்ரோலிட்டர் சொட்டாக விட்டு, உடனே தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்குபேட்டருக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லெல்லாம் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை கவிழ்த்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொட்டவில்லை.

கொட்டியது வேறு விதத்தில். ஒரு நோயாளியின் குடலிலிருந்து பயாப்ஸியில் எடுத்த துணுக்கை வளர்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில நாள் கண்ணாடி மணிகள் போலத் தெளிவாக இருந்தன. அப்புறம் மொட்டு மொட்டாகப் புடைப்புகள் வந்தன. ஏழாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லா உருண்டைகளின் நடுவும் கறுத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்று முடிவு கட்டி, முழுத் தட்டிலும் பிளீச் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் சீனியர் வந்து கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது சாகலை. குடல் செய்யற வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கு" என்றார்.

உடம்புக்குள் இருக்கும் குடல் தன் பழைய செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது, அவை வெளியேறிவிடுகின்றன. என் உருண்டைக்கு வாயும் இல்லை, போக்கிடமும் இல்லை. குடலின் உட்பக்கம் உருண்டைக்குள்ளே மூடிக்கிடக்கிறது. உதிர்ந்ததெல்லாம் நடுவில் சேர்ந்து கறுக்கிறது. அப்படிக் கறுத்தால் உடைத்துப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். நல்லவேளையாக ஒரே ஒரு குப்பி உறைநிலையில் மிச்சம் இருந்தது. மூன்று வாரம் பின்னால் போய்த் தொடங்கினேன். ஒருவர் படுத்திருந்து கொடுத்த துணுக்கு அது என்ற நினைப்புதான் அந்த மூன்று வாரத்தையும்விடக் கனமாக இருந்தது.

அதன்பிறகு, இந்தத் துறையில் எதைப் பார்த்தாலும் 'உள்ளே எப்படிப் போனார்கள்?' என்றுதான் முதலில் யோசிக்கிறேன். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸை லேபில் மனிதக் குடல் செல்களில் பெருக்க முடியாமல் பல பத்தாண்டுகள் திண்டாடினார்கள். 2016-இல் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸின் குழு உருண்டைகளைப் பிரித்துப் பாய் விரித்தாற்போல ஒற்றை அடுக்காகப் பரப்பி வளர்த்தது. உட்பக்கம் மேலே வந்துவிட்டது, வைரஸும் ஏறியது. அதன் சில வகைகளுக்குப் பித்தநீரும் தேவைப்பட்டது.

நுரையீரலையும் குடலையும் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் சோதனையில் நேர் எதிர், அங்கே மூடியிருப்பதுதான் வசதி. ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் செல்லின் சுவரில் இருக்கும் சிஎஃப்டிஆர் என்ற வாயில் திறந்து உப்பும் நீரும் உள்ளே போக, ஒரு மணி நேரத்தில் உருண்டை பலூன் மாதிரி உப்பும். அந்த நோய் உள்ளவரின் உருண்டை அவ்வளவாக உப்பாது. ஒரு மருந்தைக் கொடுத்த பிறகு உப்புகிறதென்றால், அந்த மருந்து அந்த ஆளுக்குப் பலனளிக்க வாய்ப்பு உண்டு. மருந்தை ஆளுக்குக் கொடுக்கும் முன்பே அவர் குடலிடம் கேட்டுக்கொள்ளலாம்! இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லில் தொடங்கி, கரு வளரும் வரிசையிலேயே அதைக் குடலாக்குவது. 2011-இல் சின்சினாட்டியில் ஜேசன் ஸ்பென்ஸும் ஜேம்ஸ் வெல்ஸும் செய்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். குடலைச் சுற்றிய தசையும் கூடவே வரும், நரம்பு வராது. 2017-இல்தான் அதையும் தனியாக வளர்த்துச் சேர்த்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது கருவிலிருக்கும் குழந்தையின் குடல் போன்ற ஒன்றுதான். குடலை வெட்டி எடுத்த ஒருவரின் உறவினர் என்னிடம், "எப்போ வைக்க முடியும்?" என்று கேட்டார். புண்பட்ட இடத்தில் ஒட்டிப் பார்க்கும் முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன, உணவு ஓடும் குழாயாக வைப்பது இன்னும் தூரம் என்றேன். அவருக்கு அது பதிலாக இல்லை.

நேற்றுப் பார்த்தபோது தட்டில் உருண்டைகளின் நடு கறுக்கத் தொடங்கியிருந்தது. நாளைக் காலை ஐஸ் பெட்டி, குளிர்ந்த முனைகள். உடைத்து, கழுவி, ஒன்றை நாலாகப் பிரிக்க வேண்டும்.