ரப்பர்த் தளிரும் தேன்பெட்டியும்

பிப்ரவரி 9, 2025

அக்கா மகளுக்கு மார்ச் 3-ல் பிளஸ் டூ பரீட்சை. நேற்று ராத்திரி நோட்டை மூடிவைத்துவிட்டு, “மாமா, எனக்கு எதுல ஆர்வம்னே தெரியல. கிளாஸ்ல எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு இருக்கு” என்றாள். கண் கலங்கியிருந்தது. 17 வயசு. புத்தகத்தைத் தவிர அவள் கையில் எதையும் நாங்கள் கொடுத்ததில்லை. அடுக்களைப் பக்கம் வந்தாலே “போய்ப் படி மக்ளே” என்று விரட்டுகிற வீடு இது. அப்படி வளர்த்துவிட்டு, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பது அநியாயம்.

பிப்ரவரி 16

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் சித்தப்பாவின் தேன்பெட்டிகளைப் பார்க்கப் போனேன். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்த்து நிற்கின்றன. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் கசிவது அது. தளிரைத் திருப்பிப் பார்த்தேன், சின்னச் சொட்டு மினுங்கியது. தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கிறது.

சித்தப்பா தேனீயை விரும்பி வந்தவர் இல்லை. படிப்பு நின்றதும் பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டிகளைச் சுமக்கப் போனார், கூலிக்கு. ஒரு வருஷம் போன பிறகுதான் தேனடையைத் தூக்கியதும் கண் தானாக ராணித் தேனீயைத் தேடியதாம். 1991-92-ல் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் கூடுகள் கூட்டமாக அழிந்தபோது அவருடையதும் போயின. புழுக்கள் நீர் கட்டிய பை மாதிரி செத்துக் கிடந்ததாகச் சொல்வார். சில வருஷம் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனார். அப்புறம் இரண்டு பெட்டியோடு மறுபடி தொடங்கினார். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை என்னிடம் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

மார்ச் 9

ஒரு ஆய்வு மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஓ’கீஃப், ட்வெக், வால்டன் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டது. மாணவர்களுக்குக் கருந்துளை பற்றி ஒரு வீடியோ காட்டினார்கள், பலருக்கும் பிடித்தது. அடுத்து அதே விஷயத்தில் கடினமான கட்டுரை. ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே இருக்கும், கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களுக்குத்தான் ஆர்வம் அதிகமாக வடிந்தது. கஷ்டம் வந்ததும் ‘இது எனக்கானது இல்லை’ என்று தோன்றிவிடுகிறது.

எனக்கும் கணக்கு வேலை பிடித்தது ஏழாவது வருஷத்தில்தான். அப்பாவுக்குக் கடன் இருந்ததால் முதலில் கிடைத்த வேலைக்குப் போனேன். கடன் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தடுமாற அவகாசம் கிடையாது. ஊரில் பாதிப் பேர் நின்றுபோவது அங்கேதான். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏப்ரல் 6

பரீட்சை முடிந்தது. அவளைச் சித்தப்பாவிடம் கூட்டிப் போனேன். தேனீக்களை அடக்கக் கதம்பைப் (தேங்காய் மட்டை) புகை போட்டும் முதல் பெட்டியிலேயே விரலில் கொட்டு. அழுதுகொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்தாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்து அவளே எழுந்து வந்து, “தாத்தா, அந்த அடையை நான் பிடிச்சுக்கட்டுமா?” என்றாள். வீங்கிய விரலை மட்டும் மடக்கிவைத்துக்கொண்டு பிடித்தாள்.

மே 10

ரிசல்ட் வந்து இரண்டு நாள். நல்ல மார்க். அக்கா நர்சிங் என்கிறாள், அத்தான் இன்ஜினியரிங். சண்டை. ஒரு மாசமாவது பொறுங்கள், அவள் இன்னும் நாலு வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்கட்டும் என்றேன். அத்தானுக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும்.

அவள் கவலை வேறு. மழை தொடங்கினால் தேன் வரத்து இருக்காது, பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். “தாத்தாவுக்கு முட்டு வலி மாமா, யாரு வைப்பா?” என்று கேட்டுவிட்டு, அடுக்களையில் சர்க்கரையையும் தண்ணீரையும் ஒரே டம்ளரால் அளந்துகொண்டிருக்கிறாள். இன்றைக்கு யாரும் அவளை விரட்டவில்லை.