தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே

சுழலும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்ததும் நான் கற்ற முதல் பாடம், ஓடும் தண்டு பேரிங்கைத் தொடக்கூடாது என்பதாகும். 50 மில்லிமீட்டர் தண்டுக்கு ஏறத்தாழ 50 மைக்ரான் இடைவெளி என்பது வைட் மெட்டல் எனும் மென்மையான உலோகக் கலவை பூசிய பேரிங்குகளுக்கான பட்டறைக் கணக்கு. அந்த இடைவெளிக்குள் புகும் எண்ணெய்தான் அழுத்தம் பெற்றுத் தண்டைத் தாங்குகிறது. நெருக்கினால் உலோகம் சூடேறித் தண்டைக் கவ்விக்கொள்ளும், அகலவிட்டால் அதிர்வு வரும். அதனால்தான் தாவோயியத்தின் பழஞ்சீன நூலான தாவோ தே ஜிங்கின் 11ஆம் அத்தியாயத்தைப் படித்தபோது, தொழில் தெரிந்த ஒருவர் பேசுவதாகவே எனக்குப் பட்டது. 30 ஆரக்கால்கள் சக்கரத்தின் மையமான ஒரு குடத்தில் வந்து சேர்கின்றன, ஆனால் வண்டி ஓடுவதற்குப் பயன்படுவது குடத்தின் நடுவிலுள்ள வெற்றிடமே என்கிறது அது. மண்பாண்டத்துக்கும், கதவும் சன்னலும் வெட்டிய அறைக்கும் அதையே சொல்கிறது.

இந்த வெற்றிடத்தைக் கையால் உண்டாக்குகிறவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். தண்டின் மீது நீலப் பசையை மெல்லிதாகத் தடவி, பேரிங்கின் கீழ்ப்பாதியில் வைத்துத் திருப்பி எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அவற்றை ஸ்கிரேப்பரால் சுரண்டிவிட்டு மறுபடி தண்டை வைக்க வேண்டும். நீலம் சீராகப் பரவும்வரை இதுதான் வேலை. எங்கள் மூத்த பிட்டர் ஒருவர், நீலம் நன்றாகப் பரவிய பிறகும் உள்ளங்கையால் தண்டை ஒருமுறை உருட்டிப் பார்ப்பார். "இன்னும் பிடிக்குதுங்க சார், லேசா எடுத்துடலாம்" என்பார். இடைவெளியில் ஈயக் கம்பியை வைத்து நசுக்கி, அதன் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்தால் அவர் சொன்னபடியே இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "கைக்குத் தெரியுதுங்க" என்பதே பதில்.

தாவோயியத்தின் மற்றொரு பழஞ்சீன நூலான சுவாங் சூவின் 13ஆம் அத்தியாயத்தில் வரும் சக்கரத் தச்சர் பியெனின் பதிலும் இதுவே. சீ நாட்டுக் கோமகன் ஹுவான் படித்துக்கொண்டிருந்த நூலை முன்னோர் விட்டுச்சென்ற சக்கை என்று அவர் சொல்ல, கோமகன் சினந்து விளக்கம் கேட்கிறார். மெதுவாகச் செதுக்கினால் பிடிமானம் இல்லை, வேகமாகச் செதுக்கினால் சிக்கிக்கொள்கிறது; சரியான வேகம் கைக்குக் கிடைக்கிறது, மனம் அதற்கு இசைகிறது, வாயால் சொல்ல முடியவில்லை; மகனுக்கும் கற்றுத்தர முடியாததால்தான் 70 வயதிலும் நானே சக்கரம் செய்கிறேன் என்கிறார் தச்சர்.

உள்ளுணர்வை நம்புங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குத் தாவோயியத்தைத் துணைக்கு அழைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே நூலின் 3ஆம் அத்தியாயத்தில் மாடு அறுக்கும் சமையற்காரர் டிங், தொடக்கத்தில் தமக்கு மாடு மட்டுமே தெரிந்ததாகவும், 3 ஆண்டுகள் கழித்தே அந்தப் பார்வை விலகியதாகவும் கூறுகிறார். மூட்டுகளில் இடைவெளி உண்டு, கத்தியின் விளிம்புக்குத் தடிமன் இல்லை. ஆகவே 19 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தும் அவருடைய கத்தி கூர் மங்கவில்லை. ஆயினும் சிக்கலான இடம் வரும்போது எச்சரிக்கையாகி, கத்தியை மிக மெல்ல நகர்த்துவதாகவும் அவர் சொல்கிறார். இந்தக் கதையை எடுத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இந்த வரியே எனக்கு மிக முக்கியம்.

இயந்திரத்தைப் பார்க்க வருகிறவரிடமும் வெற்றிடம் வேண்டும். சுவாங் சூவின் 4ஆம் அத்தியாயத்தில், வெய் நாட்டு ஆட்சியாளரைத் திருத்தப் புறப்படும் தம் சீடர் யான் ஹுய்க்கு மன நோன்பைக் கற்பிக்கும் கன்பூசியஸ், காதால் கேட்பதையும் மனத்தால் கேட்பதையும் கடந்து, வெறுமையாகக் காத்திருந்து எதிர்வருவதை ஏற்கச் சொல்கிறார். பேரிங் போய்விட்டது என்ற முடிவோடு பம்பு அருகே வருகிறவருக்கு எந்தச் சத்தமும் பேரிங் சத்தமாகவே கேட்கும். ஒருமுறை பேரிங்கைக் கழற்றக் கருவிகள் எல்லாம் வந்திறங்கிவிட்டன. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பொறியாளர் மட்டும் நெடுநேரம் நின்று கேட்டார். உள்ளே சரளைக்கல் உருளுவது போலிருக்கிறது என்றார். டெலிவரி வால்வைச் சற்று மூடச் செய்ததும் சத்தம் அடங்கியது. உறிஞ்சு குழாயின் வடிகட்டி அடைத்து, கேவிட்டேஷன், அதாவது அழுத்தம் குறைந்து நீரில் ஆவிக் குமிழிகள் தோன்றி உடைவது, ஏற்பட்டிருந்தது.

மூத்த பிட்டரின் கை அந்தப் பொறியாளருக்கு வர ஆண்டுகள் ஆகும். முன்முடிவை ஒதுக்கிக் கேட்பதை மட்டும் முதல் நாளிலேயே தொடங்கலாம். எங்கள் பிரிவில் இப்போது, பழுதுப் பதிவேட்டைத் திறக்கும் முன் இயந்திரத்தின் அருகே நின்று, கேட்டதை மட்டும் எழுதச் சொல்கிறோம்.