கதிரை அடுக்கியவர்களுக்கு

சமூக சேவைக் கழகம் என்றால் பொன்னாடை, மாலை, வரிசையாக நின்று ஒரு படம், அவ்வளவுதான் என்று நக்கலடித்த ஆள் நான். ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு லயன்ஸ் கழகக்காரர்களின் கண் முகாமுக்குப் போன பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

வங்கியில் டை கட்டிக்கொண்டு இருக்கும் மனுசன், அங்கே காலை ஏழு மணிக்கே வியர்த்து வழிய கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஆச்சி ஒருவருக்குப் பிளேன்டீயை ஆற்றிக் கொடுத்து, "அம்மாச்சி, பேரைச் சொல்லுங்கோ" என்று துண்டு எழுதி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனதும் அவர்தான். படத்தில் அவர் இல்லை, படம் எடுக்கும்போது குப்பை கட்டிக்கொண்டிருந்தார்!

1925ல், கண்ணும் காதும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றவர்களுக்காக நில்லுங்கள் என்று கேட்டாராம். நூறு வருசம் கழித்து அந்தப் பேச்சு எங்கள் திருகோணமலை வரைக்கும் வந்து நிற்கிறது பாருங்கள்.

இங்கே டச்சு குடாக் கடற்கரையில் மான்கள் பொலித்தீனைத் தின்னாமல் இருக்கக் குனிந்து பொறுக்கும் பிள்ளைகளும் இப்படித்தான், யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. நாலு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கும் என் கூட்டாளியும் அப்படியே, ஊசி என்றால் மட்டும் இன்னும் கண்ணை மூடிக்கொள்வான்.

அம்மாவுக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. முதல் வேலையாக என் தலையில் நரைமுடியை எண்ணினார். அடுத்த முகாமுக்குக் கதிரை தூக்க நானும் வருகிறேன் அண்ணை, நேரத்தை மட்டும் சொல்லுங்கோ.